அசைவை உணரும் கேம் கன்ட்ரோலர்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீ ரிமோட் (நின்டெண்டோ வீ), ஜாய்கான் (நின்டெண்டோ ஸ்விட்ச்), டூயல்ஷாக் 4 (சோனி பிளேஸ்டேஷன் 4) போன்ற, கையின் அசைவை உணரும் கன்ட்ரோலர்களைக் கன்சோல் இல்லாமல் நேரடியாகக் கம்ப்யூட்டரோடு சேர்க்க நினைப்பவர்களுக்கான கேள்வி பதில் இது. வீ ரிமோட்டுக்கு இதில் அதிக இடம் போயிருக்கிறது. பழைய சரக்குதான், ஆனால் அதிகம் படுத்துவதும் அதுதான்.

கன்சோல் இல்லை, கன்ட்ரோலர் மட்டும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடுமா?

ஓடும். இவை எல்லாமே உள்ளுக்குள் புளூடூத் கருவிகள். ஆனால் வேலை மூன்று கட்டமாக இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலரும் குழம்புகிறார்கள்.

முதல் கட்டம், இணைப்பு. இரண்டாவது, சென்சாரை எழுப்புவது. பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக இந்தக் கன்ட்ரோலர்கள் இணைந்தவுடன் பொத்தான் செய்தியை மட்டும் அனுப்பிவிட்டு சும்மா இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து குறிப்பிட்ட கட்டளை போனால்தான் அசைவு எண்கள் வரத் தொடங்கும். மூன்றாவது, வருகிற எண்களை விளையாட்டுக்குப் புரிகிற ஏதோ ஒன்றாக, மவுஸாகவோ ஸ்டிக்காகவோ, மாற்றுவது.

விண்டோஸ் செய்வது முதல் கட்டம் மட்டுமே. “கனெக்டட் என்று காட்டுகிறது, ஆனால் ஆட்டினால் ஒன்றும் நடக்கவில்லை” என்றால் இணைப்பில் குறை தேடாதீர்கள். மற்ற இரண்டு வேலைகளையும் செய்ய இன்னும் யாரும் வரவில்லை என்று பொருள்.

புதிதாக வாங்குவதானால் எதை வாங்கலாம்?

துப்பாக்கி விளையாட்டில் குறி வைப்பது, எமுலேட்டரில் (கம்ப்யூட்டரைக் கன்சோலாக நடிக்க வைக்கும் மென்பொருள்) பழைய விளையாட்டுகள் என்று இருந்தால் டூயல்ஷாக் 4 அல்லது பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ். தலைவலி மிகக் குறைவு. திரையை நோக்கிக் கைகாட்டி கர்சரை நகர்த்த வேண்டுமென்றால் வீ ரிமோட்டுக்கு இன்றைக்கும் ஈடில்லை, காரணம் கீழே வரும். இரண்டு கையிலும் தனித்தனியாகப் பிடித்து ஆட வேண்டுமென்றால் ஜாய்கான். பிளேஸ்டேஷன் மூவ் (உச்சியில் ஒளிரும் பந்து உள்ள சோனி கன்ட்ரோலர்) கையில் இருந்தால் நோண்டிப் பாருங்கள், இதற்கென்று காசு கொடுத்து வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வீ ரிமோட்டில் போலிகள் ஏராளம். உண்மையான கன்சோலோடு ஒழுங்காக ஓடும் போலிகூட கம்ப்யூட்டரில் மக்கர் செய்யும். வாங்குமுன் முடிந்தால் இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்க வேண்டும்?

புளூடூத். லேப்டாப்பில் இருக்கும். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் யூ.எஸ்.பி டாங்கிள் போதும். டாங்கிளை யூ.எஸ்.பி 3.0 போர்ட்டில், அதுவும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருக வேண்டாம். யூ.எஸ்.பி 3.0 கேபிளும் போர்ட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. புளூடூத் வேலை செய்வதும் அதே பகுதியில்தான். கேபினெட்டின் பின்பக்கம் செருகினால் தகரப் பெட்டியே சிக்னலை மறைக்கும். ஒரு முழ நீளத்தில் யூ.எஸ்.பி எக்ஸ்டென்ஷன் வாங்கி டாங்கிளை மேசைமேல் எடுத்து வைத்தால், “கர்சர் துள்ளுகிறது, அடிக்கடி கட் ஆகிறது” என்ற குறையில் பெரும்பகுதி போய்விடும்.

வீ ரிமோட்டுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

2006 நவம்பரில் வீ கன்சோலோடு வெளிவந்த இந்த ரிமோட்டில் மூன்று திசைகளிலும் பிளஸ் மைனஸ் 3 ஜி வரை (1 ஜி என்பது புவியீர்ப்பின் முடுக்கம்) அளக்கும் ஆக்சிலரோமீட்டர், அதாவது முடுக்கமானி, இருக்கிறது. முன்முனையில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அகச்சிவப்புக் கேமரா. அது படம் அனுப்பாது. கண்ணில் படுகிற ஒளிப் புள்ளிகளில் நான்கு வரை தனக்குள்ளேயே கணக்கிட்டு, 1024க்கு 768 கட்டத்தில் அவை எங்கே இருக்கின்றன என்ற எண்களை மட்டும் சொல்லும். போக, அதிர்வு மோட்டார், கரகரக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர், நான்கு நீல விளக்குகள்.

சுழற்சியை அளக்கும் ஜைரோ சென்சார் முதலில் கிடையாது. 2009இல் மோஷன்பிளஸ் என்று அடியில் செருகும் துண்டாக வந்தது. அடுத்த ஆண்டு அதையும் உள்ளே வைத்து வீ ரிமோட் பிளஸ் என்று விற்றார்கள்.

விண்டோஸில் வீ ரிமோட்டை இணைக்கும்போது பின் நம்பர் கேட்கிறது. என்ன போடுவது?

0000, 1234 எதுவும் எடுபடாது. இதன் பின் நம்பர் நாம் தட்டக்கூடிய எண்ணே இல்லை. ஒரு புளூடூத் முகவரியின் ஆறு பைட்டுகளைத் தலைகீழாகப் போட்டால் வருவதுதான் அது. 1, 2 பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி எழுப்பினால் ரிமோட்டின் சொந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். பேட்டரி மூடியைக் கழற்றினால் தெரியும் சிவப்பு சிங்க் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரின் முகவரியை எடுத்துக்கொள்ளும். அந்தப் பைட்டுகளுக்குக் கீபோர்டில் எழுத்தே இல்லாமல் போகலாம்.

அதனால் வழி இரண்டு. முதல் வழி, பின் இல்லாமலேயே இணைப்பது. செட்டிங்ஸ் ஆப்பில் போகாமல், பழைய கன்ட்ரோல் பேனலில் ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட் பகுதியைத் திறந்து, டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ் தலைப்பின் கீழ் இருக்கும் ஆட் எ டிவைஸ் கொடுங்கள். சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். ரிமோட் வெளியே தெரிவது 20 நொடிதான், அதற்குள் பட்டியலில் ‘நின்டெண்டோ ஆர்.வி.எல்-சி.என்.டி-01’ என்று வர வேண்டும். வராவிட்டால் மறுபடி அழுத்துங்கள். பின் கேட்கும் பெட்டியைக் காலியாகவே விட்டு நெக்ஸ்ட் கொடுங்கள். விண்டோஸ் 11இல் ரிமோட் பட்டியலிலேயே வரவில்லை என்றால், புளூடூத் செட்டிங்ஸில் டிவைஸ் டிஸ்கவரி என்பதை டீஃபால்ட்டிலிருந்து அட்வான்ஸ்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

இப்படிச் சேர்த்தது தற்காலிகம். ரிமோட் அணைந்தால் உறவும் முறிந்தது. பழைய பதிவை ரிமூவ் செய்துவிட்டு முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, பின்னைத் தானே கணக்கிட்டு அனுப்பும் மென்பொருளிடம் பொறுப்பை விடுவது. வீ விளையாட்டுகளை ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டர் இதைச் செய்யும். அதில் கன்டின்யுவஸ் ஸ்கேனிங்கை ஆன் செய்துவிட்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அதற்கு முன்னால் விண்டோஸ் பட்டியலில் அந்த ரிமோட் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

இணைந்துவிட்டது, ஆனால் நான்கு நீல விளக்கும் சிமிட்டிக்கொண்டே இருக்கின்றன.

அது பழுது இல்லை. எந்த விளக்கு எரிய வேண்டும் என்று கம்ப்யூட்டரிலிருந்து சொல்லும்வரை ரிமோட் எல்லாவற்றையும் சிமிட்டிக்கொண்டிருக்கும். சொல்வது விண்டோஸின் வேலை இல்லை, ரிமோட்டைப் பயன்படுத்தும் மென்பொருளின் வேலை. அதைத் திறந்ததும் ஒரே விளக்கு நிலையாக எரிந்தால், மென்பொருள் ரிமோட்டோடு பேசத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். இதைவிட எளிய சோதனை கிடையாது.

பழைய ரிமோட் வேலை செய்கிறது. புதிய ரிமோட் பிளஸ் மட்டும் ஏன் செய்யவில்லை?

பெயரின் கடைசியில் ‘டி.ஆர்’ என்று இருக்கிறதா பாருங்கள். மோஷன்பிளஸ் உள்ளேயே அமைந்த பல ரிமோட்டுகள் ‘ஆர்.வி.எல்-சி.என்.டி-01-டி.ஆர்’ என்றுதான் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. இவை கட்டளைகளை வேறு வழியில் வாங்கிக்கொள்பவை. பழைய மென்பொருள்கள் பழைய பெயரைத்தான் தேடும், பழைய வழியில்தான் அனுப்பும். 2010க்கு முன் எழுதி அப்படியே விட்டுவிட்ட கருவிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேடுவதுதான் தீர்வு.

கர்சரும் வேண்டும், இணைப்புத் தொல்லையும் வேண்டாம் என்பவர்கள் மேஃபிளாஷ் டால்ஃபின்பார் வாங்குகிறார்கள். அகச்சிவப்பு விளக்கும் புளூடூத்தும் ஒரே பட்டையில் இருக்கும், யூ.எஸ்.பியில் செருகினால் ஆயிற்று. நான்கு மோடுகள். ஒன்றில் ரிமோட் சாதாரண மவுஸாகத் தெரியும், நான்காவதில் டால்ஃபின் எமுலேட்டருக்கு அசல் ரிமோட்டாகவே தெரியும். செலவு பரவாயில்லை என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

சென்சார் பார் கண்டிப்பாக வேண்டுமா? அதன் வயர் யூ.எஸ்.பியில் சேரவில்லையே?

பெயர்தான் சென்சார் பார், அதில் சென்சார் எதுவும் கிடையாது. இரு முனையிலும் சில அகச்சிவப்பு எல்.இ.டிகள், அவ்வளவே. கன்சோலுக்குப் போகிற வயர் மின்சாரம் வாங்க மட்டும். கேமரா ரிமோட்டில் இருக்கிறது. அது அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்துத் தான் எங்கே நோக்குகிறது என்று கணக்கிடுகிறது. கர்சர் தேவையில்லை, ஆட்டுவதும் சாய்ப்பதும் போதும் என்றால் பாரே வேண்டாம்.

வீட்டிலேயே செய்துவிடலாம். 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி நான்கு, 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, ஒரு பழைய யூ.எஸ்.பி கேபிள். கேபிளை வெட்டினால் வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். பச்சையையும் வெள்ளையையும் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்குங்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு எல்.இ.டியைத் தொடராகச் சேர்த்து, கூடவே ஒரு ரெசிஸ்டர். இந்த மாதிரி இரண்டு தொகுதி, முனைக்கு ஒன்று. ஓர் எல்.இ.டி சுமார் 1.35 வோல்ட் எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் போக மீதி 2.3 வோல்ட், 100 ஓம் வழியே 23 மில்லி ஆம்பியர் ஓடும். பழைய யூ.எஸ்.பி போர்ட்கூட இதைத் தாங்கும். நீளமான கால் பிளஸ் பக்கம். எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. போனின் முன் கேமராவில் பாருங்கள், வெளிறிய ஊதாவாகத் தெரியும். பின் கேமராவில் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பல போன்களில் அதற்கு முன்னால் வடிகட்டி இருக்கிறது.

இரண்டு தொகுதிக்கும் நடுவே 20 செ.மீ இடைவெளி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்காருபவர்களுக்குச் சரி. மேசை முன்னாலேயே உட்காருகிறீர்கள் என்றால் புள்ளிகள் அகன்று, ஒன்று கேமரா பார்வையை விட்டே போய்விடும். இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள்.

சால்டரிங் வராதவர்கள் இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தும் சோதிக்கலாம். சுடரிலும் அகச்சிவப்பு தாராளம். அகல்விளக்கும் வேலை செய்யும். இதே காரணத்தால்தான் டி.வி பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்தால், குண்டு பல்பு இருந்தால், ஜன்னல் வெயில் விழுந்தால் கர்சர் பேயாட்டம் போடும். டியூப்லைட்டாலும் சாதாரண எல்.இ.டி பல்பாலும் தொந்தரவு இல்லை.

கையை முன்னால் நீட்டினால், பின்னால் இழுத்தால், அதைக் கம்ப்யூட்டர் அளக்குமா?

இங்கேதான் விளம்பரப் படங்கள் மனத்தில் ஏற்றிவிட்ட கற்பனை உடைகிறது. ஆக்சிலரோமீட்டர் இடத்தை அளப்பதில்லை, முடுக்கத்தை அளக்கிறது, அதுவும் புவியீர்ப்பையும் சேர்த்து. ரிமோட்டை அசையாமல் பிடித்தால் அது 1 ஜி காட்டும். அந்த 1 ஜி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து முன்பின், இடவல சாய்வைச் சொல்லிவிடலாம். ஆனால் ரிமோட்டை மேசையில் கிடத்தி, கடிகார முள் சுற்றுவது போல் திருப்பினால் புவியீர்ப்பின் திசை மாறவில்லை, ஆகவே ஆக்சிலரோமீட்டருக்கு ஒன்றுமே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஜைரோ வேண்டும்.

முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால் இடம் கிடைக்காதா என்று கணக்குப் படித்தவர்கள் கேட்பார்கள். தாளில் கிடைக்கும். கையில் நடப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடப்பது மாதிரி. சென்சார் நூற்றில் ஒரு பங்கு ஜி, அதாவது 0.01 ஜி தவறாகச் சொன்னால் போதும். ஒரு நொடியில் 5 செ.மீ விலகல், பத்து நொடியில் ஏறக்குறைய 5 மீட்டர். ரிமோட் கையில் இருக்கும், கணக்குப்படி அது அடுத்த அறையில் இருக்கும். அதனால்தான் பழைய டென்னிஸ் விளையாட்டுகள் மட்டையின் இடத்தைப் பின்தொடர முயலவே இல்லை. வேகமாக வீசினீர்களா, எப்போது வீசினீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டன. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டியே ஜெயித்தவர்கள் இதைக் கண்டுபிடித்தவர்கள்தான்.

ஜைரோ சுழலும் வேகத்தைச் சொல்லும், ஒரு முறை தொகையிட்டால் கோணம் வரும். அதனால் நன்றாகவே ஓடுகிறது, ஆனாலும் மெல்ல நழுவும். கை அசையாமலே கர்சர் ஒரு பக்கம் ஊர்ந்தால் அதுதான். கன்ட்ரோலரை மேசையில் அசையாமல் வைத்து கேலிபரேட் (பூஜ்ய நிலையைச் சரிசெய்வது) கொடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு கொடுத்தால் கை நடுக்கத்தையே பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளும்.

வீ ரிமோட்டின் சுட்டும் வேலைக்கு ஈடில்லை என்று சொன்னதற்கு இதுதான் காரணம். அகச்சிவப்புப் புள்ளிகள் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்துச் சொல்வதால் பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை.

டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் எப்படி?

டூயல்ஷாக் 4இல் பி.எஸ் பொத்தானையும் ஷேர் பொத்தானையும் சேர்த்து, முன்விளக்கு படபடவென்று சிமிட்டும்வரை அழுத்திப் பிடியுங்கள். டூயல்சென்ஸில் ஷேருக்குப் பதில் கிரியேட். பின் தொல்லை கிடையாது. யூ.எஸ்.பி கேபிளிலும் ஓடும். கேபிள் சார்ஜுக்கு மட்டுமானதா டேட்டாவும் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். “செருகினால் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை” என்பதற்குப் பெரும்பாலும் மலிவு கேபிள்தான் காரணம்.

புளூடூத்தில் இரண்டும் முதலில் சுருக்கமான செய்தியைத்தான் அனுப்பும், ஜைரோ அதில் இருக்காது. கேலிபரேஷன் விவரத்தைக் கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டுப் படித்தால்தான் முழுச் செய்திக்கு மாறும். விளையாட்டுகளை வாங்கி ஓட்டும் ஸ்டீம், கன்ட்ரோலரை விளையாட்டுக்கு ஏற்ப மாற்றித்தரும் டி.எஸ்4விண்டோஸ் போன்றவை தாமாகவே கேட்டுவிடும்.

ஜாய்கான் இரண்டையும் ஒரே கன்ட்ரோலராக்க முடியுமா?

முடியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு தனிக் கருவிகள். (2017இல் ஸ்விட்சோடு வந்த ஜாய்கானைத்தான் சொல்கிறேன்.) கன்சோலில் சறுக்கி மாட்டும் தண்டவாளப் பக்கத்தில் இருக்கும் குட்டி வட்டப் பொத்தானை, பச்சை விளக்குகள் முன்னும் பின்னும் ஓடும்வரை அழுத்திப் பிடித்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பிறகு விண்டோஸில் பெட்டர்ஜாய் போன்ற கருவியோ ஸ்டீமோ இரண்டையும் ஒன்றாக்கும். ஸ்டீமில் ஸ்விட்ச் புரோ கன்ட்ரோலர் 2018இலேயே வந்துவிட்டது, ஜாய்கானுக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விண்டோஸ் மட்டும் இருந்தால், பொத்தானை அழுத்தும்போது மட்டும் வாயைத் திறக்கும் எளிய நிலையிலேயே ஜாய்கான் நின்றுவிடும். முழு நிலைக்கு மாறச் சொல்லி ஒரு கட்டளை, ஜைரோவை ஆன் செய்ய இன்னொன்று. அதன் பிறகு சுமார் 15 மில்லி செகண்டுக்கு ஒரு செய்தி வரும், ஒவ்வொன்றிலும் 5 மில்லி செகண்ட் இடைவெளியில் எடுத்த மூன்று அளவுகள் இருக்கும். மென்பொருள் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அசைவு சற்றுத் தத்தித் தத்தித் தெரியும்.

சார்ஜ் விஷயத்தையும் யோசியுங்கள். ஜாய்கானில் சார்ஜ் போர்ட்டே இல்லை. ஸ்விட்ச் கன்சோலோ சார்ஜிங் கிரிப்போ வேண்டும்.

எல்லாம் சரியாக இணைந்திருக்கிறது. விளையாட்டு மட்டும் ஏன் அசைவைக் கண்டுகொள்ளவே இல்லை?

விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை எக்ஸ்இன்புட் என்ற வழியில்தான் கன்ட்ரோலரைப் படிக்கின்றன. அது எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரை மனத்தில் வைத்துச் செய்தது. இரண்டு ஸ்டிக், இரண்டு டிரிகர், சில பொத்தான்கள், அதிர்வு. ஜைரோ என்றொரு இடமே அதில் இல்லை, ஏனென்றால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஜைரோ இல்லை. உங்கள் கன்ட்ரோலர் என்னதான் அனுப்பினாலும் விளையாட்டின் காதில் விழாது.

அதனால் வேஷம் போட வேண்டும். மூன்று வேஷங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

ஜைரோவை மவுஸாக்குவது முதல் வகை. ஸ்டீமின் கன்ட்ரோலர் செட்டிங்ஸில் இதற்கு இடம் இருக்கிறது. ஸ்டீமுக்கு வெளியே ஜாய்ஷாக்மேப்பர் என்ற கருவி. குறி வைக்க இதுதான் உத்தமம், ஸ்டிக்கில் வராத நுணுக்கம் மணிக்கட்டில் வரும். ஜைரோவை எப்போதும் ஆன் செய்து வைக்காதீர்கள். எல்2 (இடது டிரிகர்) அழுத்தியிருக்கும்போது மட்டும் என்று வைத்தால், மற்ற நேரத்தில் கன்ட்ரோலரை மடியில் போட்டாலும் திரை சுழலாது. சில விளையாட்டுகள் மவுஸ், கன்ட்ரோலர் இரண்டையும் ஒன்றாக ஏற்காது. திரையில் பொத்தான் படங்கள் கீபோர்டு எழுத்தாகவும் கன்ட்ரோலர் படமாகவும் மாறி மாறித் துடிக்கும். அந்த விளையாட்டில் பொத்தான்களையும் கீபோர்டு விசைகளாகவே மாற்றிவிடுங்கள்.

ஜைரோவை வலது ஸ்டிக்காக்குவது இரண்டாவது வகை. மவுஸை ஏற்காத விளையாட்டுக்குக் கடைசிப் புகலிடம். ஸ்டிக்கின் நடுவில் விளையாட்டு வைத்திருக்கும் செயலற்ற பகுதி, சின்ன அசைவையெல்லாம் விழுங்கிவிடும். எனக்கு இதில் அவ்வளவாகப் பிடிப்பு இல்லை.

மூன்றாவது, அசைவை அசைவாகவே அனுப்புவது. எமுலேட்டர்களுக்கு மட்டும். டி.எஸ்.யூ என்ற எளிய வழி, கம்ப்யூட்டருக்குள்ளேயே 26760 என்ற போர்ட்டில் ஜைரோ எண்களை அனுப்புகிறது. டி.எஸ்4விண்டோஸ், பெட்டர்ஜாய் இரண்டும் அனுப்பும், டால்ஃபினும் செமு என்ற எமுலேட்டரும் வாங்கிக்கொள்ளும். டூயல்ஷாக் 4ஐ வைத்து டால்ஃபினில் வீ ரிமோட்டாக நடிக்க வைப்பது இப்படித்தான்.

ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியது போல் ஆகிறதா? அசல் கன்ட்ரோலர், வேஷம் போட்ட எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இரண்டையும் விளையாட்டு பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹிட்ஹைட் என்ற கருவியால் அசலை மறையுங்கள். ஸ்டீமையும் டி.எஸ்4விண்டோஸையும் ஒரே நேரத்தில் வேலை வாங்க வேண்டாம், ஒருவர் போதும்.

லினக்ஸில்?

இந்த விஷயத்தில் லினக்ஸ்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கின்றன. வீ ரிமோட்டுக்கு 3.1 பதிப்பிலிருந்து, அதாவது 2011 முதல். ஜாய்கானுக்கும் ஸ்விட்ச் புரோவுக்கும் 5.16. டூயல்சென்ஸுக்கு சோனியே எழுதிய டிரைவர் 5.12இல் வந்தது, டூயல்ஷாக் 4உம் 6.2இல் அதே டிரைவருக்குள் சேர்ந்தது. வீ ரிமோட்டின் விசித்திரமான பின்னை, லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸ் தானே கொடுத்துவிடும். சிவப்புப் பொத்தானில் சேர்த்தால் அடுத்த முறை ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டினாலே இணைந்துகொள்ளும்.

ஒரு ரிமோட் பல கருவிகளாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம். பொத்தான்களுக்கு ஒன்று, ஆக்சிலரோமீட்டருக்கு ஒன்று, அகச்சிவப்புக்கு ஒன்று என்று பிரித்துத்தான் காட்டும். சில பழைய விளையாட்டுகள் ஆக்சிலரோமீட்டரையே ஜாய்ஸ்டிக் என்று நினைத்துக்கொண்டு கதாபாத்திரத்தைச் சுவரில் முட்டவைக்கும். ஜாய்கான் இரண்டையும் ஒன்றாக்க ஜாய்கான்டி என்ற பின்னணிச் சேவை உண்டு.

மேக்கில்?

டூயல்ஷாக் 4 மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பிலிருந்து (2019) நேரடியாகச் சேரும். ஜாய்கானுக்கு வென்சுரா பதிப்பு வேண்டும். வீ ரிமோட்டை மேக்கில் இசைக் கருவியாக்க ஆஸ்குலேட்டர் என்ற மென்பொருளைப் பலர் பயன்படுத்தினார்கள்.

விளையாட்டைத் தவிர வேறு எதற்காவது உதவுமா?

வீ ரிமோட்டின் பெருமையே அங்கேதான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஜானி சங் லீ 2007இல் ஒரு வேலை செய்தார்: ரிமோட்டை ஆட்டாமல் ஓரிடத்தில் நிறுத்திவைத்து, ஒளிப் புள்ளியைக் கையில் எடுத்துக்கொண்டார். புரொஜெக்டர் பக்கத்தில் ரிமோட்டைத் திரையைப் பார்த்தபடி வைப்பது. மார்க்கர் பேனாவின் முனையில் ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி, ஒரு பட்டன், ஒரு செல். திரையின் நான்கு மூலைகளையும் பேனாவால் ஒருமுறை தொட்டால், கேமரா பார்க்கும் கோணல் நாற்கரத்தைத் திரையின் செவ்வகத்தோடு பொருத்தும் கணக்கு முடிந்தது. அதன்பிறகு சுவரே எழுதுபலகை. கடையில் பெரும் விலைக்கு விற்ற டிஜிட்டல் போர்டின் வேலையை ஒரு ரிமோட் செய்தது. ரிமோட்டை நேர் எதிரில் வைத்தால் எழுதுபவரின் முதுகு மறைக்கும், பக்கவாட்டில் சற்று உயரத்தில் வைக்க வேண்டும். இதே தத்துவத்தில் மூக்குக் கண்ணாடியின் இரு ஓரத்திலும் எல்.இ.டி பொருத்தித் தலை அசைவுக்கு ஏற்ப முப்பரிமாணக் காட்சி நகர்வதையும் காட்டினார்.

வகுப்பில் ஸ்லைடு மாற்றுவது, வீட்டில் சோபாவிலிருந்து படத்தை நிறுத்தி ஓடவிடுவது இவையெல்லாம் பொத்தானை விசையாக மாற்றினாலே ஆகிவிடும், அசைவு தேவையில்லை.

பிளேஸ்டேஷன் மூவ், கினெக்ட் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

2010இல் வந்த மூவ், மேலே சொன்ன இடம் தெரியாத சிக்கலை அழகாகத் தீர்த்தது. உச்சியில் ஒளிரும் பந்து, எதிரே கேமரா. பந்து படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரம் கிடைக்கும். ஆனால் கம்ப்யூட்டரில் அதை ஓட்ட, முதலில் யூ.எஸ்.பியில் செருகி உங்கள் புளூடூத் முகவரியை அதற்குள் எழுத வேண்டும், பிறகு கேமராவுக்கு டிரைவர், பிறகு நிறத்துக்குக் கேலிபரேஷன். பி.எஸ்மூவ் ஏ.பி.ஐ என்ற திறந்த மூல நிரல் இருக்கிறது. பொறுமை இருந்தால் இறங்கலாம்.

எக்ஸ்பாக்ஸின் அசைவு பார்க்கும் கேமராவான கினெக்ட்டில் கையில் பிடிக்க ஒன்றுமில்லை, ஆகவே இங்கே முழுதாகச் சேராது. முதல் தலைமுறைக்கு 12 வோல்ட் அடாப்டர் தேவை, இரண்டாவதற்கு யூ.எஸ்.பி 3.0 தேவை. அடாப்டர் இல்லாமல் கினெக்ட்டை மட்டும் யாராவது மலிவாகத் தந்தால் அவசரப்படாதீர்கள்.

மணிக்கட்டு வாரைக் கட்டாயம் மாட்ட வேண்டுமா?

மாட்டுங்கள். 2006 டிசம்பரிலேயே, வார் அறுந்து ரிமோட் டி.வியைப் பதம் பார்த்த புகார்கள் வந்து, நின்டெண்டோ வாரின் தடிமனை 0.6 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டராக்கி, 32 லட்சம் வார்களை மாற்றித் தர முன்வந்தது. மேசையில் இருக்கும் மானிட்டர் டி.வியை விடக் கிட்டத்தில் இருக்கிறது.

பேட்டரி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீ ரிமோட்டுக்கு இரண்டு பென்சில் பேட்டரி. ரீசார்ஜ் வகையும் ஓடும், ஆனால் அது 1.2 வோல்ட்தான் என்பதால் அளவு காட்டும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே தெரியும். நெடுநாள் தொடப்போவதில்லை என்றால் கழற்றி வையுங்கள்.

கம்ப்யூட்டரில் சேர்த்த கன்ட்ரோலரைத் திரும்பக் கன்சோலில் பயன்படுத்தலாமா?

தாராளமாக. கன்ட்ரோலரில் எதுவும் கெடுவதில்லை, யாரோடு பேச வேண்டும் என்ற முகவரிதான் மாறியிருக்கிறது. வீ ரிமோட்டில் சிவப்புப் பொத்தானையும் கன்சோலின் சிவப்புப் பொத்தானையும் அழுத்துங்கள். ஜாய்கானை ஸ்விட்சின் பக்கத்தில் சறுக்கி மாட்டினாலே போதும். டூயல்ஷாக் 4ஐ பி.எஸ்4இல் கேபிளால் செருகி பி.எஸ் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். அதற்கு முன் கம்ப்யூட்டரின் புளூடூத்தை அணைத்துவிடுங்கள்.